வாசல் மண்ணில் விஷ்ணுகிராந்தி

கேள்வி:

புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் வீடு கட்டி வந்து இரண்டு வருடம் ஆகிறது. வாசலுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் கொஞ்சம் செம்மண் தரையைச் சிமெண்டு போடாமல் விட்டு வைத்திருக்கிறோம். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊர்ப் பொட்டலில் மார்கழி, தை மாதங்களில் தரையோடு தரையாகச் சின்னச் சின்ன நீலப் பூக்கள் பூத்துக் கிடக்கும். அம்மா அதை விஷ்ணுகிராந்தி என்பார். அதை வாசலில் வளர்க்க ஆசைப்பட்டு மூன்று தடவை முயன்றுவிட்டேன். முதலில் நர்சரியில் விஷ்ணுகிராந்தி என்று சொல்லிக் கொடுத்த செடியை வாங்கி வைத்தேன். நன்றாகப் பூக்கிறது, ஆனால் பூ பெரிதாக இருக்கிறது. ஒரு வருடம் ஆகியும் அதிலிருந்து விதை விழுந்து ஒரு கன்றுகூட முளைக்கவில்லை. அடுத்து, ஊருக்குப் போனபோது பொட்டலில் நாலு செடியைப் பிடுங்கி வந்து நட்டேன். ஒரே வாரத்தில் காய்ந்துவிட்டன. அப்புறம் விதை சேகரித்து, ஆடி மாதம் தரையை ஆழமாகக் கொத்தி, தொழுவுரம் போட்டு விதைத்து, தினமும் தண்ணீர் ஊற்றினேன். களைதான் மண்டியது. அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. அந்தப் பூவைப் பற்றி அடிக்கடி கேட்கிறார். எங்கே தவறு செய்கிறேன்? ஒருவேளை வளர்ந்துவிட்டால், தானாக விதை விழுந்து தோட்டம் முழுக்கப் பரவித் தொல்லை தருமா?

– ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இருபத்தைந்து வருடங்களாக வீட்டுத் தோட்டம் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி வருகிறேன். ரோஜா ஏன் பூக்கவில்லை, மல்லிகை மொட்டு ஏன் கருகுகிறது என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். பொட்டலில் கிடக்கும் ஒரு செடிக்காக மூன்று தடவை மெனக்கெட்டவர் எழுதிய கடிதத்தைப் படித்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். உங்கள் மண்ணும் ஊரும் இந்தச் செடிக்கு ஏற்றவை. மூன்று முயற்சிகளும் தோற்றதற்குத் தனித்தனிக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களைப் பார்த்தாலே வளர்க்கும் வழி பாதி தெரிந்துவிடும்.

நர்சரிச் செடியிலிருந்து தொடங்குகிறேன். பூ ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருக்கும், இலை கொஞ்சம் தடித்துச் சாம்பல் பூத்த பச்சையில் இருக்கும், அடித்தண்டு குச்சியாக முற்றியிருக்கும். சரிதானே? அது பிரேசில் பக்கத்துச் செடி. ‘ப்ளூ டேஸ்’ என்ற பெயரில் உலகம் முழுக்க விற்பனையாகிறது. நம் விஷ்ணுகிராந்திக்கு நெருங்கிய சொந்தம்தான், இரண்டும் எவால்வுலஸ் என்ற ஒரே பேரினம். அதனால் நம் ஊர் நர்சரிகளில் அதற்கும் விஷ்ணுகிராந்தி என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அதைக் குச்சி வெட்டி வைத்துத்தான் பெருக்குகிறார்கள். விதை பிடிப்பது அபூர்வம். நீங்கள் எத்தனை வருடம் காத்திருந்தாலும் அது தரையில் கன்று போடாது. அதைப் பிடுங்கிப் போட வேண்டாம். அழகான செடிதான், தொட்டியில் இருந்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் தேடுவது எவால்வுலஸ் அல்சினாய்டிஸ். பூ சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. தண்டு நூல் மாதிரி மெல்லியது. ஒரே வேர்க்கழுத்திலிருந்து ஏழெட்டுத் தண்டுகள் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நாலா பக்கமும் கிளம்பித் தரையோடு படுத்திருக்கும், நுனி மட்டும் லேசாகத் தலை தூக்கும். இலை, தண்டு எல்லாவற்றிலும் பட்டு மாதிரி மென்மயிர் இருக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் செடி முழுக்க வெள்ளி மினுக்கம் தெரியும். பனிக்காலத்தில் அந்த மயிரில் நுண்ணிய நீர்த்துளிகள் கோத்து நிற்பதைப் பார்க்கவே நான் விடியற்காலையில் எழுந்து போவதுண்டு.

பூவை ஒரு தடவை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நீல வட்டத்தின் நடுவில் வெள்ளை, அதைச் சுற்றி ஐந்து மகரந்தத் தாள்கள், நடுவில் சூலகத்திலிருந்து இரண்டு தண்டுகள் எழும்பும். அந்த இரண்டும் ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிந்து நாலு மெல்லிய இழைகளாக நிற்கும். தாவரவியல் படித்தவர்கள் இந்த இரட்டைப் பிரிவைப் பார்த்துத்தான் இந்தப் பேரினத்தை அடையாளம் காண்கிறார்கள். சர்க்கரைவள்ளியும் தாளிக்கொடியும் இதே குடும்பம். அவையெல்லாம் எதையாவது பற்றி ஏறும் அல்லது நீண்டு ஓடும். இதற்கு அந்தப் பழக்கம் இல்லை. 1753-இல் சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் இதைக் கன்வால்வுலஸ் என்ற பேரினத்தில்தான் வைத்தார். அதாவது சுற்றிச் சுருள்வது. 1762-இல் அவரே அதை எவால்வுலஸுக்கு மாற்றினார். அப்படியென்றால் சுருள் அவிழ்ந்தது என்று பொருள். பெயர்க் கதைக்காக இதைச் சொல்லவில்லை. ஏறத் தெரியாத செடிக்கு மேலே நிழல் விழுந்தால் அதை மீறி வெளிச்சத்துக்குப் போக வழியில்லை. உங்கள் வாசலில் இதற்கு என்ன வேண்டும், எது எதிரி என்பதெல்லாம் இந்த ஒரு குணத்தில் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது முயற்சியில் நீங்கள் பிடுங்கி வந்த நாலு செடிகள் காய்ந்தது உங்கள் கை ராசியால் அல்ல. பொட்டலில் மேல்மண் ஒரு விரல்கடை காய்ந்து கிடந்தாலும் இந்தச் செடி தாக்குப்பிடிப்பது ஆணிவேரைக் கொண்டுதான். அது சரளைக் கற்களுக்கு நடுவில் இறங்கியிருக்கும். இழுத்தால் வேர் பாதியில் அறுந்து வரும். தண்ணீர் உறிஞ்சுகிற மெல்லிய வேர்கள் எல்லாம் மண்ணோடு நின்றுவிடும். அதன்பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் செடிக்கு அதைக் குடிக்க வாய் இல்லை. பொட்டலில் இருப்பதைப் பிடுங்கவே வேண்டாம் என்பது என் வேண்டுகோளும்கூட. மனைகளாகப் பிரித்து விற்று விற்று அந்தப் பொட்டல்களே குறைந்துகொண்டு வருகின்றன. விதை எடுத்தால் செடியும் அங்கே இருக்கும், உங்களுக்கும் நூறு செடி கிடைக்கும்.

மூன்றாவது முயற்சியில்தான் நீங்கள் சரியான பாதைக்கு வந்தீர்கள். ஆனால் அதில்தான் அதிகமாகப் பாசத்தைக் காட்டிவிட்டீர்கள். ஆழமாகக் கொத்தியதும் அடியில் தூங்கிக் கிடந்த களை விதைகள் மேலே வந்தன. தொழுவுரமும் தினசரித் தண்ணீரும் அந்தக் களைக்குத்தான் விருந்தாகின. நீங்கள் போட்ட விதையோ அதற்குள் முளைக்கவே இல்லை. காரணம் அதன் தோல். இந்தக் குடும்பத்து விதைகள் பலவற்றுக்குத் தண்ணீர் புகாத கடினமான தோல் இருக்கும். வெயில், மழை, மணல் உரசல் எல்லாம் பட்டு அந்தத் தோலில் எங்காவது ஒரு கீறல் விழுந்தால்தான் தண்ணீர் உள்ளே போகும், விதை உப்பும், முளைக்கும். ஒரே மழையில் எல்லா விதையும் முளைத்து, அடுத்த வாரம் மழை ஏமாற்றிவிட்டால் வம்சமே போய்விடும் அல்லவா? அதனால் ஒரு செடி போட்ட விதைகள் கொஞ்சம் இந்த வருடம், கொஞ்சம் அடுத்த வருடம் என்று தவணை முறையில் முளைக்கின்றன. நீங்கள் ஆடியில் போட்டதில் எறும்பு இழுத்துப் போனது போக மிச்சம் இன்னும் உங்கள் மண்ணிலேயே இருக்கக்கூடும்.

சரி, இனி என்ன செய்யலாம் என்று மாதவாரியாகச் சொல்கிறேன்.

தை கடைசியிலும் மாசியிலும் ஊர்ப்பக்கம் போனால் விதை எடுங்கள். பூ இருக்கும்போது காம்பு நிமிர்ந்திருக்கும். காய் பிடித்ததும் காம்பு மடங்கிக் காய் கீழே பார்த்துத் தொங்கும். மிளகைவிடக் கொஞ்சம் சின்ன உருண்டை. பச்சையாக இருப்பதைத் தொடாதீர்கள். பழுப்பாகிக் காகிதம் போல ஆனதும் விரலால் லேசாக நசுக்கினால் நாலாக வெடிக்கும். உள்ளே அதிகபட்சம் நாலு விதை. கருமையான, வழவழப்பான, கடுகைவிடச் சின்ன விதைகள். ஒரே செடியில் மொத்தத்தையும் உருவாமல் பல செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரு தீப்பெட்டியின் அடி மறையும் அளவுக்கு விதை இருந்தால் உங்கள் வாசலுக்குப் போதும். நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காகிதப் பொட்டலத்தில் மடித்து, பெயரும் தேதியும் எழுதி அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், மிச்ச ஈரம் வெளியேற வழியில்லாமல் பூசணம் பிடித்துவிடும்.

கோடையில் இடத்தைத் தேர்ந்துவிடுங்கள். காலை எட்டு மணியிலிருந்து குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில் விழுகிற இடம் வேண்டும். வேப்ப மரத்தடியோ சுவரின் வடக்கு நிழலோ ஆகாது. மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளமும் ஆகாது. நாலடிக்கு ஆறடி போதும். முதல் வருடம் அதற்குமேல் ஆசைப்படாதீர்கள், களை எடுத்து மாளாது. சுற்றிலும் செங்கல்லைச் சாய்த்துப் புதைத்து ஒரு வரம்பு கட்டுங்கள். அந்த வரம்பு ஏன் அவசியம் என்பதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் மண் செம்மண் என்கிறீர்கள். கீழே செம்புறைக்கல் சரளையும் இருந்தால் ரொம்ப நல்லது. போன வருடம் போட்ட தொழுவுரம் இன்னும் மேலாகக் கிடந்தால் அந்த மண்ணைக் கொஞ்சம் வழித்து எடுத்து முருங்கைக்கோ வாழைக்கோ போட்டுவிட்டு, அந்த இடத்தில் மணலும் சரளையும் கலந்து பரப்புங்கள். இந்தச் செடிக்கு உரம் வேண்டாம். உரம் அதிகமானால் தழைத்துக்கொண்டு போகும், பூ குறையும், பக்கத்துப் புல் அதைவிட வேகமாக வளர்ந்து மூடிவிடும்.

புரட்டாசியில் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விதைப்பதற்கு ஒரு மாதம் முன்பே அந்தப் பாத்தியில் தண்ணீர் தெளித்து ஈரமாக வையுங்கள். பத்து நாளில் களை விதைகள் எல்லாம் பச்சைப் பிடித்து எழும்பும். களைக்கொத்தை ஆழமாக இறக்காமல் மேலாகச் சுரண்டி அவற்றை அழியுங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி சுரண்டல். இப்படி இரண்டு தடவை செய்தால் மேல்மண்ணில் இருந்த களை விதை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஏறத் தெரியாத, ஆரம்பத்தில் மெதுவாக வளர்கிற நம் செடிக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இரண்டு தடவை நன்றாக இறங்கி மண் நனைந்ததும் விதைக்கலாம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் காதில் ஊறிப்போன வாக்கு. ஆனால் இது பொட்டலில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு எழும்பிப் பழகிய செடி. உங்கள் பகுதியில் அந்த மாதங்களில்தான் மண்ணில் தொடர்ந்து ஈரம் இருக்கும்.

விதைக்கு முந்தின நாள் விதையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை அப்படியே வையுங்கள். மறு பாதியை நைசான உப்புத்தாள் இரண்டு துண்டுகளுக்கு நடுவில் போட்டு, அரை நிமிடம் மெதுவாக உருட்டித் தேய்க்க வேண்டும். நசுக்கிவிடக் கூடாது, விதையின் பளபளப்பு மங்கினால் போதும். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பார்த்தால் சில விதைகள் உப்பி முன்பிருந்ததைவிடப் பெரிதாகத் தெரியும். அவற்றுக்குள் தண்ணீர் போய்விட்டது, உடனே விதைக்க வேண்டும், காயவிடக் கூடாது. உப்பாதவற்றை இன்னும் கொஞ்சம் தேய்த்து மறுபடி ஊறப்போடலாம். தேய்க்காமல் வைத்த பாதியையும் கூடவே போட்டுவிடுங்கள். அது உங்கள் மண்ணுக்குப் போடுகிற சேமிப்பு. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அதிலிருந்து கன்றுகள் எழும்பும்.

விதையை இரண்டு கை மணலோடு பிசறி, பாத்தி முழுக்கத் தூவுங்கள். மணல் விழுந்த இடம் வெளுப்பாகத் தெரிவதால் எங்கே அடர்த்தி, எங்கே குறைச்சல் என்று கண்ணாலேயே கணக்குப் பார்க்கலாம். மேலே சலித்த மணலை விதை மறையும் அளவுக்கு மட்டும் தூவி, ஒரு பலகையை வைத்து ஏறி நின்று அழுத்துங்கள். ஆழமாகப் புதைக்க வேண்டாம். எறும்புப் புற்று பக்கத்தில் இருந்தால் முதல் வாரம் கவனியுங்கள். மழை இருக்கிறவரை தண்ணீர் ஊற்றவே வேண்டாம். எட்டுப் பத்து நாள் மழை ஏமாற்றினால் பூவாளியால் ஒரு தடவை நனைத்துவிடுங்கள்.

கார்த்திகையில் கன்றுகள் தெரியும். இந்தக் கட்டத்தில் கை சும்மா இருக்காது, களை என்று நினைத்து இதையே பிடுங்கிவிடுவோம். தரையோடு படரும் சின்ன அம்மான் பச்சரிசி பார்ப்பதற்கு இதே மாதிரிதான் இருக்கும். அதில் இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும், தண்டு சிவந்திருக்கும், கிள்ளினால் பால் வடியும். விஷ்ணுகிராந்தியில் இலைகள் மாறி மாறி ஒவ்வொன்றாக இருக்கும். கன்றிலேயே அந்தப் பட்டு மயிர் வந்துவிடும். சந்தேகமாக இருந்தால் காலை எட்டு மணிக்கு வெயிலுக்கு எதிரே உட்கார்ந்து பாருங்கள், மினுங்குவது உங்கள் செடி. நெருஞ்சியும் இதே மாதிரி மண்ணில்தான் வரும். அதன் இலை புளிய இலை மாதிரி ஜோடி ஜோடியாகப் பிரிந்திருக்கும். மஞ்சள் பூ அழகுதான், ஆனால் வாசலில் வெறுங்காலோடு நடப்பார்கள், கன்றிலேயே எடுத்துவிடுங்கள்.

என் வீட்டில் முதல் வருடம் ஒரு பாத்தி போட்டு, இருபது கன்றுக்குமேல் வந்திருந்தது. ஒரு நாள் நான் வெளியூர் போயிருந்தபோது, தோட்ட வேலைக்கு வந்தவர் வாசலைச் சுத்தம் செய்கிறேன் என்று அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டார். அவர் மேல் தவறே இல்லை. ஊரே களை என்று நினைக்கிற செடியை நான் சொல்லாமல் வளர்த்தால் அவருக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து பாத்தியின் நாலு மூலையிலும் கல் நட்டுக் கயிறு கட்டிவிடுகிறேன். வீட்டில் வேலை செய்பவர், பால்காரர், பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லாரிடமும் இது நான் வளர்க்கிற செடி என்று சொல்லியும் வைக்கிறேன். நீங்களும் சொல்லி வையுங்கள்.

மார்கழியில் பூ ஆரம்பிக்கும். வெயில் ஏறியதும் விரியும், பொழுது சாய்வதற்கு முன்பே சுருண்டுவிடும். மறுநாள் வேறு பூ. மேகமூட்டமான நாளில் தாமதமாகத்தான் விரியும், கவலைப்படாதீர்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கொசுத்தேனீக்களும், நகத்தளவு நீல வண்ணத்துப்பூச்சிகளும் தரையோடு தரையாகப் பறந்து ஒவ்வொரு பூவாக இறங்கி ஏறுவதைப் பார்க்கலாம். அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொடுங்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். தானாக விதை விழுந்து வருடா வருடம் வரவேண்டும் என்றால் என்ன செய்வது? முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். சில புத்தகங்கள் இதை ஓராண்டுச் செடி என்கின்றன, சில பல்லாண்டுச் செடி என்கின்றன. இரண்டும் சரிதான், இடத்தைப் பொறுத்தது. ஈரம் கிடைக்கிற இடத்தில் அடிக்கட்டை பிழைத்து அடுத்த மழைக்குத் துளிர்க்கும். உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில், தண்ணீர் ஊற்றாத தரையில், மழைக்குப் பிறந்து கோடையில் முடிகிற செடியாகவே இதைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். துளிர்த்தது வந்தால் லாபம்.

அதனால் மாசி, பங்குனியில் செடி மங்கிக் காயத் தொடங்கும்போது அதைப் பார்த்து மனம் கலங்கித் தண்ணீர் ஊற்றத் தொடங்காதீர்கள். அழகில்லை என்று பிடுங்கவும் வேண்டாம். அந்த வாரங்களில்தான் தொங்குகிற காய்கள் ஒவ்வொன்றாக வெடித்து விதையைச் சொந்தக் காலடியில் உதிர்க்கின்றன. முழுக்கக் காய்ந்தபிறகு, வேரை அசைக்காமல் தரைமட்டத்தில் கத்தரியால் வெட்டி, அந்தப் பாத்தியின் மேலேயே நன்றாக உதறிவிட்டு எடுத்துவிடுங்கள்.

இனி அந்தச் செங்கல் வரம்பு விஷயம். நம் வீடுகளில் தினமும் காலையில் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவோம். ஈர்க்குமாறு வைத்து மண் தரையைப் பெருக்கும்போது மேலே கிடக்கிற சின்ன விதைகள் எல்லாம் தூசியோடு போய்விடும். கிராமத்து வீடுகளில் கவனித்துப் பாருங்கள், வாசல் நடுவில் ஒரு செடி இருக்காது, பெருக்கித் தள்ளிய மண் சேர்கிற சுவரோரத்தில் வரிசையாக முளைத்திருக்கும். தானாக விதை விழும் செடிகளை வாசலில் வைத்து அடுத்த வருடம் காணோம் என்று எழுதுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பெருக்குகிறீர்களா என்றுதான். வரம்புக்கு உள்ளே துடைப்பம் போகக் கூடாது. சருகு விழுந்தால் கையால் பொறுக்குங்கள்.

சருகு, தென்னை நார்க்கழிவு, வைக்கோல் என்று எதையும் மூடாக்காகப் போடவும் கூடாது. மற்றச் செடிகளுக்கு மூடாக்குப் போடச் சொல்லி நானே எல்லாரிடமும் வற்புறுத்துவேன். இதற்கு மட்டும் வேண்டாம். விதை மண்ணைத் தொட வேண்டும், அதன்மேல் வெயில் பட வேண்டும். கோடை முழுக்க அந்தத் தரை காய்ந்து வெடித்து வெறுமையாகக் கிடக்கும். வருகிறவர்கள், இந்த இடத்தை ஏன் சும்மா விட்டிருக்கிறீர்கள், நாலு குரோட்டன்ஸ் வைக்கலாமே என்பார்கள். வைக்காதீர்கள். அந்த வெயிலும் காய்ச்சலும்தான் விதையின் தோலைத் தளர்த்துகின்றன. புரட்டாசியில் ஒரு முள்வாரியால் மேல்மண்ணை லேசாகக் கீறிவிட்டால் போதும். இந்த இரண்டாவது வருடத்தில் தண்ணீர் தெளித்துக் களையைச் சுரண்டுகிற வேலை கிடையாது. சுரண்டினால் உங்கள் கன்றும் போய்விடும். களையை அடையாளம் பார்த்து ஒவ்வொன்றாகக் கையால் எடுக்க வேண்டியதுதான். இரண்டாவது வருடம் முதல் வருடத்தைவிடக் குறைவாக வரலாம், அதற்குள் சலித்துவிடாதீர்கள். சேமிப்பு விதை கண் திறக்கத் தொடங்கியதும் மூன்றாவது வருடத்தில் பாத்தி நிறைவதை நான் பார்த்திருக்கிறேன்.

பரவித் தொல்லை தருமா என்ற பயம் வேண்டாம். நாலு பக்கமும் ஒரு முழத்துக்குமேல் ஒரு செடி போகாது. தண்டு தரையில் வேர்விட்டு ஓடுவதில்லை. வேண்டாத இடத்தில் முளைத்த கன்றை இரண்டு விரலால் எடுத்துவிடலாம். நிழல் கொஞ்சம் விழுந்தாலே இது பின்வாங்கிவிடும். கோரையும் பார்த்தீனியமும் வந்து இதை மூடாமல் நீங்கள்தான் காவல் இருக்க வேண்டும். படர்ந்து தொல்லை தருகிற செடி எது என்று கேட்டால், மஞ்சள் பூ பூக்கிற வெடிலியாவைச் சொல்வேன். தரையை மூட நல்லது என்று நர்சரிகளில் தாராளமாகக் கொடுக்கிறார்கள். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த அது, உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. தண்டின் ஒரு துண்டு வாய்க்காலில் விழுந்தால் போதும், கரை முழுக்கப் பிடித்துவிடும். உங்கள் பாத்தியைச் சீக்கிரம் நிரப்ப வேண்டும் என்று யாராவது அதைக் கொண்டுவந்து கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

பாத்தி ஓரத்தில் துணைக்கு ஏதாவது வேண்டுமென்றால் சிறுபீளை வைக்கலாம். பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்க்கிறார்களே, அதே சிறுபீளைதான். கேரளத்தில் மார்கழித் திருவாதிரையன்று பெண்கள் தலையில் சூடுகிற தசபுஷ்பம் என்ற பத்தில் விஷ்ணுகிராந்தியும் உண்டு, சிறுபீளையும் உண்டு. அருகம்புல், முயல்செவி, கரிசலாங்கண்ணி, முடக்கத்தான் எல்லாம் அந்தப் பத்தில் சேர்த்தி. எல்லாமே வீட்டைச் சுற்றித் தானாக முளைப்பவை. ஆனால் அருகையும் முடக்கத்தானையும் இந்தப் பாத்திக்குள் விடாதீர்கள், ஒன்று தரையைப் பிடித்துவிடும், மற்றது மேலே ஏறிவிடும்.

அம்மா பூவைக் கேட்பதோடு காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்கவும் கேட்பார் என்று நினைக்கிறேன். சித்த மருத்துவத்தில் காய்ச்சலுக்கு இதைப் பயன்படுத்துவது உண்மைதான். ஆனால் எழுபத்தைந்து வயதில், ஏற்கெனவே வேறு மாத்திரைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், படித்த சித்த மருத்துவரைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள். விடாத காய்ச்சல் என்றால் ரத்தப் பரிசோதனைதான் முதலில். நர்சரிச் செடியை மருந்தாக நினைத்துவிடவும் வேண்டாம், அது வேறு செடி.

வாசலில் பாத்தி தயாராகும்வரை அம்மா காத்திருக்க வேண்டாம். இரண்டு அகலமான மண் சட்டிகளை எடுத்து, அடியில் ஓட்டை போட்டு, பாதிச் செம்மண், பாதி ஆற்றுமணலும் சரளையும் நிரப்பி, ஐப்பசியில் தேய்த்து ஊறவைத்த விதையில் பத்துப் பத்து அவற்றிலும் போடுங்கள். முளைத்ததும் ஒரு சட்டிக்கு இரண்டு கன்று மட்டும் நிற்கட்டும். சட்டியின் விளிம்பைத் தாண்டித் தண்டுகள் வெளியே தொங்கத் தொடங்கும்போது, அம்மா உட்காருகிற திண்ணையில் காலை வெயில் விழுகிற பக்கமாக வைத்துவிடுங்கள். குனிய முடியாத வயதில் பூ கண்ணுக்கு நேரே இருக்கும். மாசியில் அந்தச் சட்டிகளில் விழுகிற விதையையும் மேல்மண்ணோடு சேர்த்து வழித்து வாசல் பாத்தியிலேயே கொட்டிவிடுங்கள்.